ஞாயிறும் வலம் வருகின்றது

சைவ மக்களின் ஆலய வழிபாட்டிலே வலம்வருதல் என்பது தொன்றுதொட்டு வரும் மரபாகும். கொடிமரத்தடியில் வீழ்ந்து வணங்கி எழுந்த அடியவர், மூலமூர்த்தியை மையமாகக் கொண்டு பிரகாரத்தை வலம்வந்த பின்னரே வழிபாட்டை நிறைவு செய்கின்றனர். மாங்கனி வேண்டி முருகப்பெருமான் மயிலேறி உலகைச் சுற்றிவரப் புறப்பட, விநாயகப்பெருமானோ அம்மையப்பரை வலம்வந்து கனியைப் பெற்றார் என்னும் வரலாற்றைச் சிறு பிள்ளைகளும் அறிவர். மையமாகிய பரம்பொருளைச் சுற்றிவருதலே உலகைச் சுற்றிவருதல் என்பது அவ்வரலாறு புகட்டும் தத்துவமாகும்.

பூமி சூரியனைச் சுற்றிவருகின்றது என்பதைப் பாடசாலைப் பிள்ளைகள் ஆரம்ப வகுப்பிலேயே கற்றுவிடுகின்றனர். அப்பிள்ளைகள் நவக்கிரக சந்நிதியில் நடுநாயகமாக நிற்கும் சூரிய பகவானைப் பார்த்து, “எல்லாம் சூரியனைச் சுற்றுகின்றன என்றால் சூரியன் எதைச் சுற்றுகின்றது?” என்று கேட்பதுண்டு. இது நல்ல கேள்வி. “கோயிலில் அப்படியெல்லாம் கேட்கக்கூடாது” என்று வாயை அடைத்துவிட்டால், அறிவு வேறு, ஆலயம் வேறு என்ற எண்ணமே அப்பிள்ளையின் மனதில் வேரூன்றும். ஆகவே இக்கேள்விக்கு விடை என்ன என்பதைப் பெரியோரும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

பால்வீதி என்பது யாது?

நிலவில்லாத தெளிந்த இரவில் வானத்தின் குறுக்கே மங்கிய வெண்புகை போன்ற ஒரு பட்டை தெரியும். எமது முன்னோர் இதனை ஆகாயகங்கை என்றனர். இன்று பால்வீதி என்கிறோம். 1610ஆம் ஆண்டில் கலிலியோ தமது தொலைகாட்டியால் நோக்கியபோது, இது புகையன்று, கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத எண்ணற்ற நட்சத்திரங்களின் கூட்டம் என்பது தெரியவந்தது.

பால்வீதி தட்டையான ஒரு தட்டுப் போன்றது. நடுப்பகுதி சற்றுப் பருத்தும், அதிலிருந்து சுருள்சுருளாகக் கரங்கள் விரிந்தும் காணப்படும். இதன் விட்டம் ஏறத்தாழ 1,00,000 ஒளியாண்டுகள். ஒரு செக்கனில் சுமார் 3 இலட்சம் கிலோமீற்றர் செல்லும் ஒளி ஒரு வருடத்தில் செல்லும் தூரமே ஓர் ஒளியாண்டு ஆகும். இதிலுள்ள நட்சத்திரங்களின் தொகை 10,000 கோடிக்குக் குறையாது என மதிப்பிடப்பட்டுள்ளது. எமது சூரியன் அவற்றுள் ஒன்று.

இந்த அளவை மனதில் கொள்வதற்கு ஓர் உதாரணம் கூறலாம். நெப்ரியூன் வரையுள்ள எமது ஞாயிற்றுத் தொகுதி முழுவதையும் 2 மில்லிமீற்றர் அளவுள்ள ஒரு கடுகாகச் சுருக்கிவிட்டதாக வைத்துக்கொள்வோம். அப்போது பால்வீதியின் விட்டம் ஏறத்தாழ 210 கிலோமீற்றர் ஆகும். இலங்கைத் தீவின் மிகக்கூடிய அகலமே 224 கிலோமீற்றர்தான். அந்தக் கடுகுக்கு மிக அண்மையிலுள்ள அடுத்த நட்சத்திரம் சுமார் 9 மீற்றர் தள்ளி இருக்கும். மூலஸ்தானத்தில் ஒரு கடுகும் கொடிமரத்தடியில் ஒரு தூசும் இருப்பது போன்ற இடைவெளி அது.

சூரியனும் அசைகின்றது என அறிந்த வரலாறு

பூமி தன்னைத்தானே சுற்றுவதால்தான் வானம் சுழல்வது போலத் தெரிகின்றது என கி.பி. 499இல் ஆரியபட்டர் தமது நூலில் எழுதினார். ஓடும் படகில் இருப்பவனுக்குக் கரையிலுள்ள பொருட்கள் பின்னே செல்வது போலத் தோன்றுவதை அவர் உவமையாகக் காட்டினார். பிற்காலத்தில் கொப்பர்னிக்கஸ் 1543இல் வெளியான தமது நூலில் சூரியனை நடுவில் வைத்தார். ஆயினும் சூரியன் அசையாது நிற்கின்றது என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது.

1718இல் எட்மண்ட் ஹேலி என்ற ஆங்கிலேய அறிஞர், சுவாதி நட்சத்திரம் முதலிய சில நட்சத்திரங்கள் பண்டைய கிரேக்கர் குறித்துவைத்த இடங்களிலிருந்து சற்று விலகியிருப்பதைக் கண்டார். நட்சத்திரங்களும் அசைகின்றன என்பது அதனால் தெரிந்தது. 1783இல் வில்லியம் ஹேர்ஷெல் இன்னொரு படி முன்னே சென்று, சுற்றிலுமுள்ள நட்சத்திரங்களோடு ஒப்பிடும்போது சூரியனும் ஒரு திசையை நோக்கிச் செல்கின்றது என்று காட்டினார். அத்திசை எமது நூல்கள் கூறும் அபிஜித் நட்சத்திரத்துக்கு வெகு தூரத்தில் இல்லை.

1918இல் அமெரிக்கரான ஹார்லோ ஷாப்லி, சூரியன் பால்வீதியின் நடுவில் இல்லை, ஒரு பக்கமாகவே இருக்கின்றது என நிறுவினார். 1927இல் நெதர்லாந்து நாட்டு அறிஞர் யான் ஊர்ட், பால்வீதி முழுவதும் சுழல்கின்றது என்பதை நட்சத்திரங்களின் வேகங்களைக் கொண்டு எடுத்துக்காட்டினார். பூமியே நடு என்றிருந்த மனிதன், பின்னர் சூரியனே நடு என்று கூறி, ஈற்றில் அதுவும் நடுவன்று என்று அறிந்துகொண்டான். அறிவு வளர வளர ஆணவம் தேயவேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேறில்லை.

காவடி ஆட்டமும் மூன்று சுழற்சிகளும்

திருவிழாவிலே காவடி எடுப்பவரை நோக்குவோம். அவர் தன்னைத்தானே சுழன்று ஆடுகின்றார். அதேவேளை மேளக்காரரைச் சுற்றியும் ஆடி வருகின்றார். மேளக்காரரோ நிற்பதில்லை. சுவாமியுடன் சேர்ந்து வெளிவீதியை வலம்வந்தபடி இருக்கின்றனர். ஆகவே காவடிக்காரர் ஒரே நேரத்தில் மூன்று விதமாகச் சுற்றுகின்றார். பூமியின் நிலையும் இதுவே.

முதலாவது, பூமி தன்னைத்தானே சுற்றுதல். இதனால் இலங்கையில் உள்ளோர் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 1,650 கிலோமீற்றர் வேகத்தில் கிழக்கு நோக்கிச் செல்கின்றனர். இரண்டாவது, பூமி சூரியனைச் சுற்றுதல். இதன் வேகம் செக்கனுக்குச் சுமார் 30 கிலோமீற்றர். மூன்றாவது, சூரியன் பூமி உட்பட எல்லாக் கோள்களையும் தன்னுடன் அழைத்துக்கொண்டு பால்வீதியின் மையத்தைச் சுற்றுதல். இதன் வேகம் செக்கனுக்குச் சுமார் 230 கிலோமீற்றர். ஒரு மணித்தியாலம் நடைபெறும் ஒரு பூசையில் நாம் கைகூப்பி நிற்கும்போதே 8 இலட்சம் கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்துவிடுகின்றோம். இது பூமியிலிருந்து சந்திரனுக்குள்ள தூரத்தின் இரு மடங்கிலும் கூடியது. வேகமும் திசையும் உணரும்படியாக மாறாமல் எல்லாம் சேர்ந்தே செல்வதால் இதனை நாம் உணர்வதில்லை.

சூரியன் மையத்திலிருந்து ஏறத்தாழ 26,000 ஒளியாண்டு தூரத்திலே சுற்றுகின்றது. கோள்கள் சூரியனைச் சுற்றும் தளம், பால்வீதியின் தளத்துக்கு ஏறக்குறைய 60 பாகை சாய்ந்துள்ளது. அதுமட்டுமன்றிச் சூரியன் சுற்றும்போது தண்ணீரில் மிதக்கும் பந்து போல மெதுவாக மேலும் கீழும் அசைகின்றது. பால்வீதியின் நடுத்தளத்தை ஒருமுறை கடந்து மறுமுறை கடப்பதற்கு மூன்று கோடி ஆண்டுகளுக்கு மேல் செல்லும். இப்போது அத்தளத்துக்கு வடக்கே ஏறத்தாழ 60 ஒளியாண்டு உயரத்தில் இருக்கின்றது.

பால்வீதியை அதன் வடபக்கத்திலிருந்து நோக்கினால், சூரியன் செல்வது வலஞ்சுழியாகவே தோன்றும். அடியவர்க்கு இது மகிழ்ச்சி தரும் செய்தியாகும். எனினும் தென்பக்கத்திலிருந்து நோக்கினால் அதுவே இடஞ்சுழியாகும் என்பதையும் சொல்லவேண்டும். உண்மையைப் பாதியாகக் கூறிச் சமயத்துக்குப் பெருமை தேடவேண்டிய அவசியம் இல்லை.

மையத்தில் இருப்பது யாது?

பால்வீதியின் மையம் தனுசு இராசியின் திசையிலே, எமது கணக்கின்படி மூல நட்சத்திரப் பகுதியிலே உள்ளது. மூலம் என்ற சொல்லுக்கு வேர், ஆதி என்பன பொருள். அவ்விடத்தில் சூரியனைப் போல் 43 இலட்சம் மடங்கு திணிவுள்ள ஒரு கருந்துளை இருக்கின்றது. ஒளியும் தப்பமுடியாத அளவு ஈர்ப்பு உடையதாதலின் அதனை நேரே காணமுடியாது. அதனைச் சுற்றி 16 வருடத்துக்கு ஒருமுறை வலம்வரும் ஒரு நட்சத்திரத்தைப் பல ஆண்டுகள் கவனித்தே அதன் இருப்பை உறுதிசெய்தனர். இதற்காக ரைன்ஹார்ட் கென்செல், அண்ட்ரியா கெஸ் ஆகிய இருவரும் 2020இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். 2022 மே 12இல், அக்கருந்துளையைச் சூழ்ந்த ஒளிவளையத்தின் படமும் வெளியிடப்பட்டது.

ஆயினும் சூரியனைப் பிடித்து வைத்திருப்பது அக்கருந்துளை மாத்திரமே என எண்ணுதல் தவறாகும். சூரியனின் பாதைக்கு உட்பட்ட பகுதியிலுள்ள நட்சத்திரங்கள், வாயுக்கள், கண்ணுக்குப் புலனாகாத இருட்பொருள் ஆகிய யாவற்றினதும் ஈர்ப்பு ஒன்றுசேர்ந்தே சூரியனைச் சுற்றச் செய்கின்றது. அவை எல்லாவற்றினதும் திணிவிலே கருந்துளையின் பங்கு இருபதாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. தேரை இழுப்பது வடத்தின் முன்னே நிற்கும் ஒருவரல்லர், வடம் பிடித்த அத்தனை பேருமே என்பது போன்றதே இது.

ஒரு சுற்றின் காலம்

சூரியன் ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 22 கோடி ஆண்டுகள் செல்கின்றன. சூரியன் தோன்றி 460 கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே இதுவரை சுமார் 20 தடவையே வலம் வந்துள்ளது. சென்ற சுற்றில் சூரியன் இதே பக்கத்தில் இருந்தபோது பூமியில் டைனோசர்கள் தோன்றியிருந்த தொடக்க காலம். மனித இனம் தோன்றி ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகளே ஆகின்றன. அக்காலம் முழுவதிலும் சூரியன் தன் வட்டத்திலே நகர்ந்தது அரைப் பாகை மட்டுமே. பூரணைச் சந்திரன் வானத்தில் எவ்வளவு அகலமாகத் தெரிகின்றதோ அவ்வளவுதான். அரசர்களும் போர்களும் பகைகளும் அந்த அரைப் பாகைக்குள்ளே அடங்கிவிட்டன. இதனை எண்ணிப்பார்ப்பவருக்கு வேலிச் சண்டையும் முதல் மரியாதைச் சண்டையும் எவ்வளவு சிறியவை என்பது விளங்கும்.

எமது புராணங்களும் பெருங்காலக் கணக்குகளைக் கூறுகின்றன. ஒரு சதுர்யுகம் 43,20,000 ஆண்டுகள். எனவே சூரியனின் ஒரு சுற்று ஏறக்குறைய 51 சதுர்யுகங்களாகும். இவ்விரண்டும் ஒன்றே என்றோ, முன்னோர் இதனை அளந்துவைத்தனர் என்றோ கூறுதல் பொருந்தாது. ஆனால் கோடிக்கணக்கான ஆண்டுகளை அஞ்சாது சிந்திக்கும் மனப்பக்குவம் அவர்களிடம் இருந்தது என்பது உண்மை. மாணிக்கவாசக சுவாமிகள் திருவாசகத்தின் திருவண்டப்பகுதியிலே அண்டங்களின் பெருக்கத்தையும், இறைவன் முன் அவை எவ்வளவு நுண்ணியவை என்பதையும் பாடியருளியமை இங்கு நினைவுகூரத்தக்கது.

பஞ்சாங்கம் பிழைக்குமா? உலகம் அழியுமா?

சூரியனே அசைவதானால் பஞ்சாங்கக் கணிப்புகள் பிழைத்துவிடாவோ எனச் சிலர் ஐயுறலாம். பிழைக்கமாட்டா. ஓடும் புகையிரதத்தில் எதிரெதிரே இருப்பவர்களின் இடைத்தூரம் மாறாதது போல, சூரியனும் சந்திரனும் கோள்களும் ஒன்றாகவே செல்கின்றன. நட்சத்திரங்களோ மிகத் தொலைவில் இருப்பதால் ஆயிரம் ஆண்டுகளிலும் அவற்றின் இடமாற்றம் கண்ணுக்கு அரிதாகவே புலப்படும். அயனாம்சம் என்பது வேறு. அது பூமியின் அச்சு பம்பரம் போலத் தலையாட்டுவதால் வருவது.

2012 டிசெம்பர் 21இல் சூரியன் பால்வீதியின் மையத்துக்கு நேரே வருவதால் உலகம் அழியும் என்று ஒரு வதந்தி உலகெங்கும் பரவியது. பலர் மனக்கலக்கம் அடைந்தனர். உண்மை யாதெனில், பூமியிலிருந்து நோக்கும்போது சூரியன் ஒவ்வொரு வருடமும் மார்கழி மாதத் தொடக்கத்திலே அத்திசையைக் கடக்கின்றது. சைவ மக்கள் அதிகாலையில் எழுந்து திருப்பள்ளியெழுச்சி பாடும் மாதமல்லவா அது! அப்போதும் மையம் 26,000 ஒளியாண்டுகளுக்கு அப்பாலேயே இருக்கின்றது. அந்த நாளும் ஏனைய நாட்கள் போலவே கழிந்தது. இத்தகைய செய்திகள் இனியும் வரும், இப்போது கைத்தொலைபேசியிலேயே வரும். அச்சமூட்டிப் பரிகாரத்துக்குப் பணம் கேட்பவர்களும் வருவர். இறைவனிடம் செல்லவேண்டியது அன்பினாலேயன்றி அச்சத்தினால் அன்று. சரியான அறிவு இருக்குமிடத்தில் இத்தகைய அச்சம் நிலைக்காது.

கண்ணால் காணும் வாய்ப்பு

பால்வீதியின் மையத்திசையைக் காண்பதற்கு ஆடி அமாவாசை இரவு மிகப் பொருத்தமானது. தந்தையை நினைந்து விரதமிருந்து பிதிர்க்கடன் முடித்த அன்றிரவு, ஏறத்தாழ 9 மணியளவில் தெற்கு நோக்கி நின்று, அரைவாசி வானத்துக்குச் சற்று மேலே பார்க்கவேண்டும். கொக்கி போல வளைந்த விருச்சிகத்தின் வாலுக்கு இடப்புறமாக வெண்பட்டை அடர்ந்து காணப்படும். அந்த அடர்த்திக்குப் பின்னேதான் மையம் உள்ளது. வடக்கிலும் கிழக்கிலும் அக்காலத்தில் மழை குறைவாதலால் வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும்.

முற்காலத்தில் கிராமத்தவர் எல்லோரும் முற்றத்தில் பாய்விரித்துப் படுத்தபடி கண்ட காட்சி இது. இன்று வீதிவிளக்குகளாலும் ஆலயங்களில் விடியும்வரை எரியும் மின்குமிழ்களாலும் பல பிள்ளைகள் ஒருமுறையேனும் பால்வீதியைக் கண்டதில்லை. ஆடி அமாவாசை இரவில் அர்த்தசாமப் பூசை முடிந்த பின், மூலஸ்தானத்துத் தூண்டாமணி விளக்கு நீங்கலாக வெளிவீதி மின்விளக்குகளை அரை மணித்தியாலம் அணைத்து, அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகளை ஒரு விஞ்ஞான ஆசிரியருடன் மணலில் இருத்தி வானத்தைக் காட்டுவது ஒவ்வோர் ஆலயமும் செய்யக்கூடிய காரியம். இதற்குச் செலவு ஏதுமில்லை, மின்கட்டணமும் குறையும்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு மையத்தைச் சுற்றி, இருபது சுற்றுச் சுற்றியும் களைக்காமல், ஞாயிறு தன் குடும்பத்தோடு வலம்வந்துகொண்டிருக்கின்றது. அப்பெரும் வீதியுலாவில் பிறப்பால் இடம்பெற்றவர்கள் நாம் அனைவரும். இதனை உணர்ந்து பிரகாரத்தில் அடுத்த அடியை எடுத்துவைக்கும் அடியவரின் உள்ளத்தில் பக்தி பெருகுமேயன்றிக் குறையாது. எல்லாம்வல்ல எம்பெருமானின் திருவருளால் எமது பிள்ளைகள் அறிவிலும் அன்பிலும் ஒருங்கே சிறந்து விளங்குவார்களாக.