கைப்பேசிச் செய்தி காற்றில் மட்டுமா வருகிறது?

விஞ்ஞானம் மனிதனுக்கு அளித்துள்ள கருவிகளுள் கைப்பேசியைப் போல் நம்மோடு ஒட்டி உறவாடுவது வேறொன்றும் இல்லை எனலாம். காலையில் நம்மை எழுப்புவது அது. தேர்வு முடிவைக் காட்டுவது அது. கடையில் பணம் கொடுப்பதும் அதுவே. 2020-ஆம் ஆண்டு கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது நமக்கு வகுப்பறையாக இருந்ததும் அதுதான். மொட்டை மாடியில் சிக்னல் தேடி அலைந்ததை மறக்க முடியுமா? இவ்வளவு பழகிய பொருள் எப்படி வேலை செய்கிறது என்று மட்டும் நாம் கேட்பதில்லை.

இளையரசனேந்தல் கடைத்தெருவில் பத்து ரூபாய்க்குக் கடலைமிட்டாய் வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கடையில் ஒட்டியிருக்கும் கட்டங்கட்டமான சதுரத்தின்மேல் கைப்பேசியைக் காட்டி, இரகசிய எண்ணை அழுத்துகிறோம். "அண்ணாச்சி, ஏறிட்டா?" என்று கேட்டு முடிப்பதற்குள் மேசைமேல் உள்ள சிறு பெட்டி, பத்து ரூபாய் வந்துவிட்டது என்று கூவுகிறது. பணம் நம் கையிலிருந்து அண்ணாச்சி கைக்கு நேரே தாவியதுபோல் தோன்றுகிறதன்றோ?

உண்மையில் அந்தப் பத்து ரூபாய் பெரும் பயணம் செய்கிறது. கைப்பேசியிலிருந்து புறப்படும் அலை, ஊரிலுள்ள கோபுரம் வரைதான் காற்றில் செல்கிறது. அதன்பின் பெரும்பகுதி வழி, மண்ணுக்குள் புதைத்த கண்ணாடி இழைக் கம்பியில் ஒளியாக ஓடுகிறது. தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம் 2016-இல் தொடங்கிய யு.பி.ஐ. என்னும் ஏற்பாடு, அச்செய்தியைப் பெற்று நம் வங்கியைக் கேட்கிறது. நம் வங்கி பணத்தைக் கழிக்கிறது, அண்ணாச்சியின் வங்கி வரவு வைக்கிறது. கூவுகின்ற பெட்டிக்குள்ளும் ஒரு சிம் அட்டை இருக்கிறது. நம் கைப்பேசி அதனோடு பேசுவதே இல்லை. தொலைவிலுள்ள கணிப்பொறிதான் அதற்குத் தகவல் சொல்கிறது. இத்தனையும் சில நொடிகளில்! வியக்கத்தான் வேண்டும். ஆனால் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கடலைமிட்டாய் கைக்கு வராது.

கண்ணி அறுவதை நம் பகுதி மக்கள் கண்ணாரக் கண்டது 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நம் மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையைவிட அது மிகுதி. தாமிரபரணி பெருக்கெடுத்தது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் விரைவு இரயில் ஏறத்தாழ 800 பயணிகளுடன் நின்றுவிட்டது. பல ஊர்களில் மின்சாரம் நின்றது, அதைத் தொடர்ந்து கைப்பேசியும் ஊமையானது.

மின்சாரத்திற்கும் கைப்பேசிக்கும் என்ன தொடர்பு? கோபுரத்திற்கும் மின்சாரம் வேண்டும். மின்சாரம் நின்றால் அடியிலுள்ள பேட்டரி சில மணி நேரம் தாங்கும். பிறகு டீசல் ஊற்றி ஜெனரேட்டரை ஓட்ட வேண்டும். சாலையே ஆறாக ஓடும்போது டீசல் எப்படிப் போகும்? கைப்பேசியில் பணம் இருந்தும் பால் வாங்க முடியாத நிலை அப்போது உண்டாகிறது. இரயில் பயணிகளுக்கோ எந்தச் செயலியும் சோறு போடவில்லை. அருகிலுள்ள புதுக்குடி ஊர் மக்கள்தாம் தங்களிடம் இருந்ததைச் சமைத்துக் கொடுத்தார்கள்.

வெள்ளம் வந்தால்தான் அறுபடும் என்பதும் இல்லை. 2021 அக்டோபர் 4 இரவு வாட்ஸ்அப், பேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் நின்றுபோயின. மூன்றும் ஒரே நிறுவனத்துடையவை. பராமரிப்பு வேலையின்போது இட்ட ஒரு தவறான கட்டளை, அந்நிறுவனத்தின் கணிப்பொறிகளை வெளியுலகத்திலிருந்து துண்டித்துவிட்டது. பழுது பார்க்கவேண்டிய ஊழியர்களின் சொந்தக் கருவிகளும் அதே வலையை நம்பியிருந்தமையால் அவையும் செயலிழந்தன. சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான்! 2025-ஆம் ஆண்டு மார்ச் 26, ஏப்ரல் 12 ஆகிய நாட்களில் யு.பி.ஐ.யும் தடுமாறியது. அன்று மழையும் இல்லை, புயலும் இல்லை.

முன்பெல்லாம் ஒரு வழி அடைத்தால் மறுவழி இருந்தது. கடிதம் தாமதித்தால் தந்தி. தந்தி அலுவலகம் மூடியிருந்தால் ஊருக்குப் போகும் பேருந்து நடத்துநரிடம் ஒரு வார்த்தை. தந்திச் சேவை 2013 ஜூலையோடு முடிந்துவிட்டது. இன்று பேச்சு, பணம், பாடம், வழி காட்டுதல் எல்லாவற்றையும் ஒரே கருவியில் ஏற்றிவிட்டோம். இதற்காகக் கைப்பேசியைக் குறை கூறுவது சரியன்று. சந்தைக்குப் போகும் அம்மாவின் சுருக்குப்பையைத் திருடனிடமிருந்து காத்ததும் அதுவே. இரண்டாவது வழியை நாமாக அமைத்துக்கொள்ளவில்லை என்பதே குறை.

எங்கள் வகுப்பில் ஒரு நாள் சோதித்துப் பார்த்தோம். வீட்டாரின் கைப்பேசி எண் இரண்டையாவது பார்க்காமல் சொல்ல முடிந்தவர்கள் மிகச் சிலரே. அன்றே எல்லாரும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று எண்களை எழுதினோம். வீட்டில் இரண்டு நாள் செலவுக்குச் சில்லறைப் பணமும், பேட்டரியில் இயங்கும் சிறு வானொலியும் இருப்பது நல்லது. இணையம் இல்லாத சாதாரணக் கைப்பேசியிலும் *99# அழுத்திப் பணம் அனுப்பலாம்; ஆனால் அதற்கும் கோபுரம் உயிருடன் இருக்க வேண்டும்.

பெற்றோர் பலர் கேட்கும் ஐயம் ஒன்று: பணம் நம் கணக்கில் கழிந்து, கடைக்காரருக்குச் சேராவிட்டால் என்ன செய்வது? ரிசர்வ் வங்கி 2019-இல் இதற்கு விதி செய்துள்ளது. கடைக்குச் செலுத்திய பணம் ஐந்து நாட்களுக்குள் திரும்ப வேண்டும். தவறினால், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடாக, வாடிக்கையாளர் புகார் செய்யும்வரை காத்திராமல், கணக்கில் சேர்க்கப்பட வேண்டும். யாரேனும் ஏமாற்றிப் பணத்தைப் பறித்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும்.