கட்டற்ற மென்பொருளும் இல்லக் கணினியும்

பிறர்க்கு வழங்குவதாற் குறையாத செல்வம் கல்வி என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். ஆயினும், ஏட்டுச் சுவடிகளைப் பிறர் கண்ணிற் படாது பேழையிற் பூட்டி வைத்தோரும் நம்மிடையே இருந்தனர். அங்ஙனம் பூட்டப்பட்டவற்றுட் பல செல்லுக்கு இரையாயின. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் தேடியெடுத்து 1887ஆம் ஆண்டிற் பதிப்பித்த கலித்தொகையோ இன்றும் நம் கையில் உளது. பூட்டியது அழிய, திறந்தது நிலைத்தது. இவ்வுண்மை இக்காலக் கணினிக்கும் பொருந்துமாற்றை எடுத்துக்காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணினியை உடல் என்றால், அதனை இயக்கும் மென்பொருளை உயிர் எனலாம். மென்பொருளை ஆக்குவோர் முதலில் அதனை மனிதர் வாசிக்கத்தக்க கட்டளைகளாக எழுதுவர். இது மூலநிரல் எனப்படும். பின்னர் அது பொறிக்கு மாத்திரம் விளங்கும் வடிவிற்கு மாற்றப்படும். வணிக நிறுவனங்கள் பல, பின்னதை மட்டும் விற்று மூலநிரலை மறைத்து வைக்கும்.

அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்திற் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன் இம்மறைப்பின் தீங்கினை ஓர் அச்சுப்பொறி வாயிலாக உணர்ந்தார். பழைய பொறியில் தாள் சிக்குங்கால் அதனைப் பயன்படுத்துவோர்க்கு அறிவிக்குமாறு அவர் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். புதிய பொறி வந்தபோது அதன் மூலநிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. 1983 செப்டெம்பரில் அவர் 'க்னூ' என்னும் திட்டத்தை அறிவித்தார். எந்நோக்கத்திற்கும் இயக்குதல், ஆராய்ந்து திருத்துதல், படியெடுத்துப் பிறர்க்கு உதவுதல், திருத்திய வடிவையும் பகிர்தல் ஆகிய நான்கு உரிமைகளையும் அளிப்பதே கட்டற்ற மென்பொருள். 1991ஆம் ஆண்டில் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கிய 'லினக்ஸ்' இம்முயற்சிக்குப் பெருந்துணையாயிற்று. 'திறந்த மூலம்' என்னும் பெயர் 1998இல் வழக்கிற்கு வந்தது. விலையின்றிக் கிடைப்பன யாவும் கட்டற்றவை அல்ல என்பதை வாசகர் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

ஈண்டு என் அனுபவம் ஒன்றைக் கூறுதல் பொருத்தமாகும். பல ஆண்டுகளுக்கு முன், மாணவர்க்கென இலக்கணப் பாடங்கள் பலவற்றைக் கணினியில் தட்டெழுதி வைத்தேன். பயன்படுத்திய மென்பொருளோ கடைக்காரர் இட்டுத் தந்த களவுப்படி. அக்கணினி பழுதுற்றபின் புதிய கணினியில் அக்கோப்புகள் திறக்கவில்லை. அம்மென்பொருளின் விற்பனையும் நின்றுவிட்டது. என் கையாலெழுதிய பாடங்களை நானே வாசிக்க இயலாத நிலை! வகுப்பிற் களவு தீதென்று கற்பித்துவிட்டு, வீட்டிற் களவுப்படியை இயக்கியது அதனினும் நாணத்தைத் தந்தது. அன்று தொட்டே நேர்வழியை நாடினேன்.

இல்லத்திற்கு ஏற்றவற்றுட் சிலவற்றை இனி நோக்குவாம். கடிதம், வரவு செலவுக் கணக்கு, பாட விளக்கப்படம் ஆகியவற்றிற்கு 'லிப்ரே ஒபிஸ்' போதியது. இது 2010ஆம் ஆண்டில் தோன்றியது. இதன் கோப்பு வடிவம் 2006இற் சர்வதேச நியமமாக ஏற்கப்பட்டது. அமைப்பு வெளிப்படையாக உள்ளமையின், எவரும் அதனைத் திறக்கும் மென்பொருளை ஆக்கலாம். தமிழையும் ஒருங்குறியில் தட்டெழுதின், எழுத்துருவை மாற்றினாலும் எழுத்துக்கள் சிதையா. என் இழப்பிற்கு மருந்து இவையிரண்டுமே.

இணையத்தை நோக்கப் 'பயர்பொக்ஸ்' உண்டு. பாட்டும் படமும் இயக்க, பிரான்ஸ் நாட்டு மாணவர் 1996இல் தொடக்கிய முயற்சியின் விளைவான 'வி.எல்.சி.' உண்டு. ஒளிப்படங்களைத் திருத்துதற்கு 'ஜிம்ப்' உதவும். பாட்டியார் சொல்லும் கதையைப் பதிவுசெய்து இரைச்சலைக் குறைத்துப் பேணுதற்கு 'ஒடாசிட்டி' ஏற்றது. இவை யாவும் வின்டோஸ் கணினியிலும் இயங்குவன.

வின்டோஸ் 10 பதிப்பிற்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவுற்றது. அடுத்த பதிப்பினை ஏற்கும் தகைமை பழைய கணினிகள் பலவற்றிற்கு இல்லை. அவற்றை எறிந்துவிடல் வேண்டா. 'லினக்ஸ் மின்ட்' போன்ற இயங்குதளத்தை ஏற்றின் அவற்றுட் பல இன்னும் பல்லாண்டு உழைக்கும். முதலில் பென் ட்ரைவில் இட்டு, வன்தட்டினை மாற்றாமலே இயக்கிப் பார்க்கலாம். நிறுவுமுன் சொந்தக் கோப்புகளைப் பிறிதோரிடத்திற் படியெடுத்தல் இன்றியமையாதது. எம்மென்பொருளையும் அதனை ஆக்குவோரின் சொந்தத் தளத்திலிருந்தே பெறுதல் வேண்டும்.

குறைகளும் உள. சில அச்சுப்பொறிகள் லினக்சுடன் எளிதில் இணங்கா. பிற மென்பொருளில் ஆக்கிய சிக்கலான ஆவணங்கள் சில வேளை வரிசை குலையும். பழகச் சின்னாள் பொறுமையும் வேண்டும்.

கொள்வதோடு அமையாது, கொடுத்தலிலும் இலங்கையர் பின்னிற்கவில்லை. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை தாக்கியபின், காணாமற் போனோர், முகாம்கள் பற்றிய விபரங்களை ஒழுங்குபடுத்துதற்கு நம் நாட்டுத் தொண்டர்கள் 'சகானா' என்னும் மென்பொருளை ஆக்கினர். அதன் மூலநிரல் திறந்திருந்தமையால், 2005ஆம் ஆண்டிற் பாகிஸ்தானில் நிலநடுக்கம் நேர்ந்தபோது அங்கும் அது பயன்பட்டது.

கல்லூரித் தாயின் மடியில் வளர்ந்த பழைய மாணவர்கட்கு ஒரு விண்ணப்பம். உங்கள் இல்லத்தில் ஒதுக்கிக் கிடக்கும் கணினியொன்றில் இம்மென்பொருள்களை ஏற்றி, அயலிலுள்ள ஏழை மாணவன் ஒருவனுக்கு வழங்குங்கள். களவுப்படியின்றி அவன் கற்பான். தான் எழுதியதை என்றும் தானே திறப்பான். ஆவல் மிகின் மூலநிரலையும் ஆராய்வான். நமக்குக் கல்வியைப் பூட்டின்றி வழங்கிய ஆசான்மார்க்கு நாம் செய்யத்தக்க கைம்மாறும் அதுவேயாகும்.