பெரம்பாங் மரமும் பத்துமலை வௌவால்களும்

கோல சிலாங்கூரில் இரவுப் படகேறி மின்மினிகளைப் பார்த்தவர்கள் பெரம்பாங் மரத்தையும் பார்த்திருப்பார்கள். அம்மின்மினிகள் கூடுவது அம்மரத்தில்தான். ஆறு கடலைச் சேரும் சேற்று நிலத்தில் அது தானாக வளரும். அதன் மூச்சுவேர்கள் ஆணிகளைப் போலச் சேற்றுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். காயின் அடியில் விண்மீன் வடிவப் புல்லிவட்டம் ஒட்டியிருக்கும். புளிப்பான அக்காயைக் கரையோர மக்கள் சம்பால் பெலாச்சானுடன் உண்பார்கள்.

பெரம்பாங் பூ மாலையில் விரியும். விடிவதற்குள் உதிரத் தொடங்கிவிடும். அந்த ஓரிரவில் அதன் தேனைத் தேடி வௌவால்கள் வருகின்றன. 1970களில் ஆய்வாளர்கள் பத்துமலைக் குகைகளில் வௌவால்களின் எச்சத்தைச் சோதித்தனர். அதில் கடலோரச் சதுப்புநில மரங்களின் மகரந்தமும் இருந்தது! உணவுக்காக அவ்வௌவால்கள் ஏறத்தாழ 38 கிலோமீட்டர் வரை பறந்து சென்றுள்ளன.

டுரியான் பூக்களில் மகரந்தச் சேர்க்கை செய்வதும் இதே வௌவால்கள்தாம். ஆனால், டுரியான் ஆண்டில் சில வாரங்களே பூக்கும். மற்ற மாதங்களில் வௌவால்கள் எதை உண்டு வாழும்? பெரம்பாங்கும் அதன் இன மரங்களும் ஆண்டு முழுவதும் ஆங்காங்கே பூத்து அவற்றுக்கு உணவளிக்கின்றன. இறால் பண்ணைக்காகச் சதுப்புநிலக் காட்டை அழித்தால், தொலைவிலுள்ள டுரியான் தோட்டத்திலும் காய்ப்புக் குறையக்கூடும்.

இதை அறியாத தோட்டக்காரர்கள் சிலர், வௌவால்கள் டுரியான் பூக்களைத் தின்று அழிப்பதாக எண்ணி அவற்றை விரட்டுகிறார்கள். காலையில் மரத்தடியில் கிடப்பவை பெரும்பாலும் இரவில் தாமாக உதிர்ந்த இதழ்களே.