ஏரி மீனும் கடல் மீனும்



தபசுகால வெள்ளிக்கிழமைகளில் நம் வீடுகளில் இறைச்சி இல்லை, மீன் உண்டு. ஆகையால் இந்த வாரம் மீனைப் பற்றியே கொஞ்சம் படிப்போம். மீன்காரம்மா கூடையை இறக்கியதும் தாய்மார்கள் முதலில் விலையைக் கேட்பார்கள். அடுத்த கேள்வி, "கடல் மீனா, ஏரி மீனா?" என்பது. நம் பெண்ணாடம் கடலோர ஊர் அல்ல. ஆனால் நம் ஊரை ஒட்டிச் செல்லும் வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலோடு சேருகிறது. கடல் மீன் ஐஸ் பெட்டியில் ஏறி அந்தப் பக்கத்திலிருந்து வரும். ஏரி மீனோ வீராணம், வெலிங்டன் ஏரி முதலிய நம் சுற்றுப்புற நீரிலேயே பிறந்து வளர்ந்தது.

கதை எழுதுகிறவர்களும் படம் எடுக்கிறவர்களும் கடல் மீனையே தேடிப் போயிருக்கிறார்கள். தகழியின் நாவலிலிருந்து எடுத்த "செம்மீன்" என்ற மலையாளப் படம் 1965-ல் வெளிவந்து ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் பெற்றது. அதற்கு முந்தின வருஷம் தமிழில் "படகோட்டி" வந்தது. நம் வேதத்தைச் சேர்ந்த பரதவ மக்களைப் பற்றியும் நல்ல நாவல்கள் இருக்கின்றன. வண்ணநிலவனின் "கடல்புரத்தில்" லாஞ்சிகள் வந்தபோது வல்லக்காரர்களுக்கு நேர்ந்த துன்பத்தைச் சொல்கிறது. ராஜம் கிருஷ்ணனின் "அலைவாய்க் கரையில்", ஜோ டி குருஸின் "ஆழி சூழ் உலகு" ஆகியவற்றையும் பெரியவர்கள் படிக்கலாம். ஜோ டி குருஸ் உவரியில் பிறந்தவர். அவருடைய "கொற்கை" நாவலுக்கு 2013-ல் சாகித்ய அகாதமி பரிசு கிடைத்தது.

ஏரி மீனுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. கல்கியின் "பொன்னியின் செல்வன்" நம் வீராணத்தின் கரையில்தான் ஆரம்பமாகிறது. அங்கும் நாம் பார்ப்பது குதிரையில் வரும் வந்தியத்தேவனைத்தான், தண்ணீருக்குள் இருக்கும் கெண்டையை அல்ல! ஏரி மீனுக்குப் பழமொழிகளில்தான் இடம் கொடுத்திருக்கிறோம். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிறது என்று விலாங்கை ஏசுவோம். பாவம், அது செய்கிற பிரயாணத்தை அறிந்தால் ஏச மாட்டோம். விலாங்கு பிறப்பது கடலில். நூல் போன்ற குஞ்சாக ஆற்றுமுகத்தில் நுழைந்து, தண்ணீரை எதிர்த்து ஏறி, ஆற்றிலும் ஏரியிலும் பல வருஷம் வளர்ந்து, முட்டையிட மறுபடியும் கடலுக்கே திரும்புகிறது. வெள்ளாற்றில் ஏறிவரும் குஞ்சுக்குச் சேத்தியாத்தோப்பிலும் பெலாந்துறையிலும் அணைக்கட்டுகள் குறுக்கே நிற்கின்றன. பாசனத்துக்கு அணை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் மீன் ஏறுவதற்கு ஒரு சிறு படிவழி வைக்கலாம் என்று கட்டுகிறவர்களுக்குத் தோன்றுவது அபூர்வம்.

விராலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நோயிலிருந்து எழுந்தவர்களுக்கு விரால் குழம்பு வைத்துக் கொடுக்கும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். இந்த மீன் செவுளால் மட்டுமல்லாமல், மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும். அதனால்தான் கோடையில் தண்ணீர் வற்றினாலும் ஈரச் சேற்றுக்குள் புதைந்து உயிரோடு கிடக்கிறது. மழைக் காலத்தில் கரையோரப் புல்லை ஒதுக்கி முட்டையிடும். குஞ்சுகள் பொரித்ததும் செம்பொடியைத் தூவினதுபோல் கூட்டமாக மேலே மிதக்கும். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்தச் சிவப்புக் கூட்டத்தைக் கண்டவன் அங்கே தூண்டில் போட்டால் பெரிய விரால் சுலபமாக அகப்பட்டுவிடும். பிறகு குஞ்சுகளின் கதி என்ன? மற்ற மீன்களுக்கு அன்றைய இரை.

இனி வியாபாரத்துக்கு வருவோம். மீன்காரம்மாவின் கூடையில் இப்போது பெரும்பாலும் இருப்பவை கட்லா, ரோகு, மிர்கால். பெயரே சொல்லும், இவை கங்கைச் சமவெளியிலிருந்து வந்த மீன்கள். இவை நம் ஏரிக்கு வந்த விதம் பிள்ளைகள் அறியத் தக்கது. இந்த மூன்றும் வெள்ளம் புரளும் ஆற்றில்தான் முட்டையிடும். குளத்தில் விட்டால் கொழுக்கும், சினையும் பிடிக்கும், ஆனால் முட்டையிடாது. ஆகவே முன்காலத்தில் ஆற்று வெள்ளத்தில் மெல்லிய வலை கட்டிக் குஞ்சுகளை வாரி, பாத்திரங்களில் சுமந்து செல்வார்கள். அதில் வேண்டாத மீன் எத்தனை என்று யாருக்கும் தெரியாது. 1957-ஆம் வருஷம் ஜூலை 10-ந் தேதி ஒடிஷாவிலுள்ள அங்குலில் ஹீராலால் சௌதுரி என்ற விஞ்ஞானி வேறொரு வழியைக் காட்டினார். மீனின் மூளைக்கு அடியில் இருக்கும் சிறு சுரப்பியை எடுத்து, அரைத்து, அதன் சாற்றைச் சினை மீனுக்கு ஊசியாகப் போட்டார். ஆற்று வெள்ளத்துக்குக் காத்திருந்த மீன் சில மணி நேரத்தில் முட்டையிட்டுவிட்டது! அந்த நாளையே இன்று தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

இந்த மூன்று மீனும் ஒரே குளத்தில் சண்டையின்றி வளர்வதும் ஒரு விநோதம். கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுவிலும், மிர்கால் தரையிலும் இரை தேடும். ஏழைக்கு மலிவாக மீன் கிடைக்க இவை பெரிய உபகாரம் செய்திருக்கின்றன, அதில் சந்தேகமில்லை. ஆனால் வளர்ப்புக் குளத்தில் இவற்றின் குஞ்சை விடுமுன், குஞ்சைத் தின்னும் விரால் முதலியவற்றை இலுப்பைப் புண்ணாக்குப் போட்டுக் கொன்றுவிடுகிறார்கள். ஏரியைக் குத்தகை எடுத்தவருக்கும் எடை ஏறும் மீன்தான் கணக்கு. அயிரைக்கும் குரவைக்கும் அந்தக் கணக்குப் புத்தகத்தில் பக்கம் கிடையாது.

அழைக்காமலே தங்கிவிட்ட விருந்தாளிகளும் உண்டு. 1952-ல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாதான் நாம் சொல்லும் ஜிலேபிக் கெண்டை. தாய் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துப் பொரிப்பதால் அதன் இனம் வெகு சீக்கிரம் பெருகிவிடுகிறது. அதைவிடப் பொல்லாதது ஆப்பிரிக்கக் கெளுத்தி. கழிவைத் தின்னும், மற்ற மீன்களையும் தின்னும், பல கிலோ எடைக்கு வளரும். 2000-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு இதை வளர்க்கத் தடை விதித்தது. ஆயினும் மறைவாக வளர்ப்பது நிற்கவில்லை. பெருமழையில் குளம் உடைந்தால் அது ஏரிக்கும் ஆற்றுக்கும் போய்விடும்; பிறகு பிடித்து முடியாது.

விளையாட்டைக் கேட்கிறீர்களா? தூண்டில் போடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் மலைநாட்டு ஆறுகளைத் தேடிப் போகிறார்கள். எனக்குப் பிடித்தது அதுவல்ல, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்து மீன்பிடித் திருவிழாதான். அறுவடை முடிந்து கண்மாய் வற்றும் சமயம், ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும், கரையில் காத்திருக்கும் அத்தனை பேரும் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாகச் சேற்றில் இறங்குவார்கள். சாதி, மதம் பார்ப்பதில்லை. அகப்பட்ட மீனை விற்பதும் இல்லை. அன்று ஊர் முழுதும் மீன் குழம்பு வாசனைதான். வற்றும் நீரில் எப்படியும் சாகப்போகிற மீனைப் பிடிப்பதால் ஏரிக்கும் நஷ்டமில்லை.

நஷ்டம் வருவது வேறு சமயத்தில். முதல் பெருமழை பெய்து புதுத் தண்ணீர் வந்ததும், சினை மீன்கள் ஏரியை விட்டு வாய்க்கால் வழியாக வயலுக்கு ஏறும். முட்டையிட அவற்றுக்கு வேண்டியது அந்த ஆழமில்லாத நீர்தான். அப்போது நாம் என்ன செய்கிறோம்? மடை வாயில் பொறி வைத்து, கொசுவலையைக் குறுக்கே கட்டி, வயிறு நிறைந்த கெண்டையையும் கெளுத்தியையும் கூடை கூடையாக அள்ளுகிறோம். தப்பி ஏறினது, வயலில் தெளித்த பூச்சி மருந்தில் சாகிறது. கடல் மீனுக்காவது நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் நிறுத்தப்படுகின்றன. கேரளத்தில் புதுமழையில் ஏறும் சினை மீனைப் பிடிப்பது சட்டப்படி குற்றம். நம் வாய்க்காலில் அதைத் தடுக்க மடைக்குப் பக்கத்து வயல்காரர்தான் உண்டு. அவர் நம் பங்கிலேயே பலர் இருக்கிறீர்கள். இந்த வருஷம் ஐப்பசி மழை பிடித்ததும் முதல் பத்து நாள் உங்கள் மடையில் பொறி வைக்காமல் பாருங்கள். கொசுவலையோடு புறப்படும் பிள்ளைகளிடம், பத்து நாள் கழித்துப் போகலாம் என்று சொல்லி வையுங்கள்.