உவர்நீர்ச் சவ்வின் உலகச் சந்தை: சங்கங்கள் கற்கவேண்டிய பாடம்

உவர்நீரை நன்னீராக்கும் ஆர்.ஓ. சாதனங்கள் இந்நாளில் உலகெங்கும் பெரியதொரு வாணிபப் பொருளாகிவிட்டன. நெசவாளர் சங்கங்களின் சாயச்சாலைகளிலும், நிலத்தடி நீர் உப்பாகிப்போன கிராமங்களின் விவசாயச் சங்கங்களிலும் இவற்றை வாங்குவது பற்றிய பேச்சு எழுகின்றது. வணிகர் தரும் விலைப்புள்ளியில் இயந்திரத்தின் விலை முதல் வரியில் நிற்கும். அவ்வரி ஒன்றை மட்டும் நோக்கி நிர்வாகக் குழு தீர்மானம் நிறைவேற்றுமாயின், பின்னர் வரும் செலவு அங்கத்தினர்களின் பங்குத்தொகையையே அரித்துவிடக்கூடும். ஆதலின் இச்சந்தையின் இயல்பை நாம் அறிந்துகொள்ளுதல் இன்றியமையாதது.

தத்துவம்

நன்னீரையும் உப்புநீரையும் ஒரு மெல்லிய சவ்வு பிரித்து நிற்குமாயின், நன்னீர் தானாகவே உப்புநீரை நோக்கிச் செல்லும். பிரெஞ்சு நாட்டுப் பாதிரியார் நொல்லே என்பவர் 1748-இல் பன்றியின் சிறுநீர்ப்பையைக் கொண்டு இதனைக் கண்டறிந்தார். உப்புநீரின் பக்கம் போதிய அழுத்தம் கொடுத்தால் நீர் எதிர்த்திசையில் செல்லும், உப்பு பின்தங்கும். இதுவே எதிர்ச் சவ்வூடு பரவல். கிணற்று உவர்நீருக்குக் காற்றுமண்டல அழுத்தத்தைப் போல் 10 முதல் 20 மடங்கு பெரும்பாலும் போதுமானது. கடல்நீருக்கோ 55 முதல் 70 மடங்கு வரை கொடுக்கின்றனர். நீர் எவ்வளவுக்கு உப்போ, மின்செலவும் அவ்வளவுக்கு மிகும்.

நூலாலைகளிலிருந்து பிறந்த தொழில்

1950-களின் இறுதியில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும், இந்தியரான சீனிவாச சௌரிராஜன் அவர்களும் வாணிபத்துக்கு ஏற்ற முதற் சவ்வினை ஆக்கினர். அது செல்லுலோஸ் அசிட்டேட்டால் ஆயது. பருத்தி விதையை ஒட்டிய குறும்பஞ்சிலிருந்தும் மரக்கூழிலிருந்தும் கிடைக்கும் செல்லுலோசே அதன் மூலப்பொருள். 1965-இல் கலிபோர்னியாவின் கோலிங்கா என்னும் சிற்றூர் இம்முறையில் குடிநீர் பெற்றது. 1970-களில் ஜான் கடாட் என்பவர் பாலியமைடு பூசிய மெல்லிய சவ்வினை உருவாக்கினார். இன்று பெரும்பான்மையான சாதனங்களில் உள்ளது இவ்வகையே.

இச்சவ்வினை ஆக்குவோருட் பலர் இழைத்தொழிலிலிருந்து வந்தவர் என்பது நெசவாளர்கள் கவனிக்கற்பாலது. ஜப்பானின் டோரே நிறுவனம் 1926-இல் ரேயான் இழைக்கெனத் தோன்றியது. டொயோபோ பருத்தி நூற்பாலையாகத் தொடங்கியது. டூபாண்ட் நைலானைக் கண்ட நிறுவனம். இவற்றுடன் ஜப்பானின் நிட்டோ டெங்கோ போன்ற சில நிறுவனங்களும், அண்மைக் காலத்தில் சீன நிறுவனங்களும் உலகுக்குச் சவ்வு வழங்குகின்றன. சாதனத்தின் மீது விற்பவர் பெயர் எதுவாயினும், உள்ளிருக்கும் சவ்வு பெரும்பாலும் இத்தகைய ஒரு சில ஆலைகளிலிருந்து வந்ததாகவே இருக்கும்.

ஆக்குவோர் சிலராயிருந்தும் வாங்குவோர் முற்றிலும் அவர்கள் கையில் அகப்படாமைக்கு ஒரு காரணம் உண்டு. தொழிற்சாலைகளுக்கான சவ்வுக்குழல் 8 அங்குல விட்டமும் 40 அங்குல நீளமும் உடையதாக உலகெங்கும் ஒரே அளவில் அமைந்துள்ளது. நாற்பதாம் நம்பர் நூல் எந்த ஆலையிலிருந்து வந்தாலும் தறிக்கு ஒக்கும் அன்றோ? அதுபோல ஒரு நிறுவனத்தின் குழல் தீர்ந்தபின் மற்றொன்றின் குழலை அதே கூட்டில் பொருத்தலாம். தனி அளவுடைய குழலை வாங்குவோர் இவ்வுரிமையை இழப்பர்.

பெருவாங்குவோர் வாங்குவது என்ன?

பெரிய நகரங்கள் பலவும் இயந்திரத்தை விலைபேசுவதில்லை; நீரை விலைபேசுகின்றன. 2020-இல் இசுரேல் நாட்டின் இரண்டாம் சோரெக் ஆலைக்கான ஏலத்தில், ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 41 அமெரிக்க சென்ட் என்னும் விலையே போட்டியை முடிவு செய்தது. நம் சென்னைக்கு அருகே மீஞ்சூரில் 2010-இல் இயங்கத் தொடங்கிய கடல்நீர் ஆலையும், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நீரை நெடுங்கால ஒப்பந்தப்படி விற்கும் முறையில் அமைந்ததே. இம்முறையில் சவ்வு கெட்டாலும், மின்சாரம் மிகுதியாகச் செலவானாலும் நட்டம் பெரும்பாலும் விற்பவரைச் சாரும். சிறு வாங்குவோர் இயந்திரத்தை வாங்குகின்றனர். ஆகவே எல்லா நட்டமும் அவர்கள் தலையிலேயே விழுகின்றது. பத்துச் சங்கங்கள் கூடினால் அவையும் நீரை விலைபேசலாம். கூட்டுறவின் பயன் இங்கேயும் உண்டு.

ஒதுக்கு நீர்

ஒரு சிறு கணக்கைக் காண்போம். லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் உப்புள்ள நீர் ஆயிரம் லிட்டரை இயந்திரத்துக்குள் விடுகின்றோம். 750 லிட்டர் நன்னீர் கிடைத்தால் 250 லிட்டர் எஞ்சும். உப்பு அனைத்தும் ஏறக்குறைய அந்த எச்சத்தில் சேர்ந்து, லிட்டருக்குச் சுமார் 8,000 மில்லிகிராமாகிவிடும். உப்பு அழிவதில்லை, இடம் மாறுகின்றது. 2019-இல் வெளியான ஓர் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழக ஆய்வின்படி, உலகின் உவர்நீக்கு ஆலைகள் யாவும் சேர்ந்து நாள்தோறும் 9.5 கோடி கன மீட்டர் நன்னீரையும், 14.2 கோடி கன மீட்டர் ஒதுக்கு நீரையும் தந்தன. விலைப்புள்ளிகளில் பலவும் முன்னதைப் பேசும், பின்னதைப் பேசா.

திருப்பூர் கண்ட அனுபவம்

சாயக்கழிவின் விளைவை நொய்யல் கரை உழவர்கள் நன்கறிவர். 1992-இல் திறக்கப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்கு உதவாமல் சாயநீர்த் தேக்கமாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணையால் திருப்பூரின் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீர் ஒரு துளியும் வெளியேறாத முறை அமைந்த பின்னரே அவை மீண்டும் இயங்கலாயின. அம்முறையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஆர்.ஓ. சவ்வின் வழியாக நன்னீரை மீட்கின்றன. எஞ்சிய உப்புநீரைக் காய்ச்சி உப்பெடுக்கின்றன. சில நிலையங்களில் உப்புக் கரைசலையே சாயத்தொட்டிக்குத் திருப்பியனுப்புகின்றனர். பருத்திக்குச் சாயமேற்ற உப்பு வேண்டியதே அன்றோ? தனியொரு பட்டறையால் தாங்கவொண்ணாத செலவைப் பலர் கூடித் தாங்கினர். நெசவாளர் தொழிலும் உழவர் நிலமும் ஒரே குழாயின் இரு முனைகள் என்பதே அவ்வனுபவம் புகட்டும் பாடம்.

தீர்மானத்துக்கு முன் கேட்கவேண்டியவை

1. நம் நீரைச் சோதித்தோமா? குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்பது இந்தியத் தரநிர்ணயம். அவ்வளவுக்குள் இருந்து, வேறு கேடும் இல்லையாயின் குடிப்பதற்கு இச்சாதனம் வேண்டுவதில்லை.

2. மின்சாரம், இரசாயனம், சவ்வு மாற்றுதல் ஆகிய அனைத்தும் சேர்த்து ஆயிரம் லிட்டர் நன்னீருக்கு அடக்கவிலை என்ன?

3. சவ்வுக்குழல் பொது அளவினதா?

4. முன்சுத்திகரிப்பு எத்தகையது? பாலியமைடு சவ்வினைக் குளோரின் கெடுத்துவிடும். சலவைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் பயன்படுத்தும் சங்கங்கள் இதனைத் தனியே கருதவேண்டும்.

5. சவ்வு மாற்றுவதற்கென ஆண்டுதோறும் ஒதுக்கும் நிதி எவ்வளவு?

6. ஒதுக்கு நீர் எங்கே செல்லும்? அங்கே யாருடைய கிணறு இருக்கின்றது?

இவற்றுக்கு எழுத்து மூலமாக விடை பெற்று, அவற்றைப் பொதுக்குழுவில் படித்துக்காட்டிய பின்னரே கையெழுத்திடல் வேண்டும். ஆறாவது கேள்விக்கு விடையில்லாத விலைப்புள்ளி எவ்வளவு மலிவாயினும் அதனை ஒதுக்கிவிடுதலே நலம். இன்று வெளியே விடும் உப்பு, நாளை நம் அங்கத்தினர் ஒருவரின் வயலிலேயே வந்து படியும்.