மொட்டைக் கடிதம் கவசம் ஆகாது

கேள்வி: மத்திய அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனம் ஒன்றில் துணை ஆய்வாளராகப் பணியாற்றும் வாசகர் ஒருவர், புதிய மருந்தொன்றின் பரிசோதனையில் ஈரல் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட இரு நோயாளிகளின் விவரங்கள் பதிவேட்டிலிருந்து திட்டமிட்டு நீக்கப்பட்டதைக் கண்டறிந்து, பதிவேட்டைக் கைப்பேசியில் படம்பிடித்து, எட்டு மாதங்களுக்கு முன் கையொப்பமின்றி மேலிடத்துக்கு எழுதியதாகவும், இப்போது கைப்பேசியில் கொலைமிரட்டல் வருவதாகவும் தெரிவித்து, சட்டப் பாதுகாப்பு கிடைக்குமா எனக் கேட்கிறார்.

பதில்: கிடைக்கும், ஆனால் அந்தக் கடிதத்தைக் கொண்டு கிடைக்காது. முறைகேட்டை வெளிப்படுத்துவோரைக் காக்க 2014-இல் இயற்றப்பட்ட சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படாததால், மத்திய அரசு ஊழியருக்கு உள்ள வழி 2004 ஏப்ரல் 21 அன்று வெளியான மத்திய அரசின் தீர்மானமே ஆகும். நெடுஞ்சாலைத் திட்டத்தின் முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதி, தம் பெயரை மறைக்குமாறு வேண்டிய பொறியாளர் சத்யேந்திர துபே, அக்கடிதம் பெயரோடு அலுவலகங்களில் சுற்றிய பின்னர், 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக்கொல்லப்பட்டதை அடுத்துப் பிறந்த தீர்மானம் அது. அதன்படி மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் புகார்தாரரின் பெயரை ரகசியமாக வைத்துக்கொள்ளும். பெயரே இல்லாத புகாரை ஏற்காது. எனவே பெயரும் முகவரியும் உள்ளே இருக்கும் கடிதத்திலும், பொதுநல வெளிப்படுத்தல் புகார் என்ற குறிப்பு மட்டும் ஒட்டிய உறையின் மேலும் இருக்க வேண்டும். உறையின் மேல் அனுப்புநர் பெயர் கூடாது. ஆணையம் ஒப்புகைச் சீட்டு அனுப்பாது என்பதற்காக மீண்டும் மீண்டும் எழுதுவதும் கூடாது.

கையொப்பமிட்ட புகார் அளிக்காமல் கழிந்த எட்டு மாதத் தாமதம் மிகவும் வருந்தத்தக்கது. பரிசோதனையில் நேரும் கடுமையான பாதக நிகழ்வை, அதாவது மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அல்லது உயிருக்கு ஆபத்தான விளைவை, ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் உரிம அதிகாரிக்கும், பரிசோதனையை முன்னெடுக்கும் நிறுவனத்துக்கும், நோயாளிகளின் நலன் காக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள் கூறுகின்றன. வாசகரின் கையொப்பம் பரிசோதனைப் படிவங்களில் இருக்குமானால், புகார்தாரரே விசாரணைக்கு உள்ளாகும் நிலை ஏற்படலாம். பயத்தில் மிரட்டல் குரல்பதிவுகளை அழித்துவிட்டதாகவும் வாசகர் எழுதியுள்ளார்; அழித்தது தாமதத்தினும் பெரிய பிழை. பதிவேட்டைப் படம்பிடித்த கைப்பேசியையாவது மாற்றாமலும் விற்காமலும் வைத்திருக்க வேண்டும். மின்னணு நகலைச் சான்றாக ஏற்க, சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு கோரும் சான்றிதழுக்கு அந்தக் கருவியின் விவரம் தேவைப்படும்.

கொலைமிரட்டல் தனிக் குற்றம் என்பதால் காவல் நிலையத்தில் தனிப் புகார் அளிக்கலாம். 2018-ஆம் ஆண்டின் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் பொருந்துமாயின், மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் காவலும் கோரலாம். ஆயினும் காவல் புகாரில் எழுதும் ஒரு வரியே ரகசியப் பெயரை வெளிப்படுத்திவிடக்கூடும். ஒரு பக்கக் கடிதத்தை மட்டும் கண்டு தரப்படும் இப்பதிலை நம்பி எதையும் அனுப்பாமல், பணி நியமன ஆணை, பரிசோதனைப் படிவ நகல்கள், கைப்பேசி ஆகியவற்றுடன் இவ்வாரமே குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரை வாசகர் நேரில் சந்திக்க வேண்டும்.