பூனையும் வேண்டும், மூச்சும் வேண்டும்

சாக்கடை ஓரத்திலோ கார் எஞ்சினுக்குள்ளோ கத்திக்கொண்டிருந்த இரண்டு குட்டிகளை மனசு கேட்காமல் தூக்கி வருகிறார்கள். சில வாரம் ஊட்டி வளர்க்கிறார்கள். பிறகு ஒரு விடியற்காலையில் அடுக்கடுக்காகத் தும்மல், கண் அரிப்பு, மூக்கடைப்பு. விலங்கியல் நடத்துகிறவள் என்பதால் என் மாணவர்கள் இந்தப் புகாரோடு என்னைத் தேடி வருவார்கள். வரும்போதே பாதி முடிவு எடுத்துவிட்டிருப்பார்கள் என்பதுதான் சங்கடம். அம்மா சத்தம் போட்டார் என்று குட்டிகளைச் சாக்கில் போட்டு மீன் மார்க்கெட்டில் விட்டுவிடுவது ஒன்று. இன்ஸ்டாகிராமில் பார்த்துவிட்டு 'அலர்ஜி வராத' பெர்சியனுக்கு மாறுவது இன்னொன்று. பக்கத்து வீட்டுப் பையன் எடுத்த பாடத்தையே நம் பிள்ளைக்கும் எடுத்துக் கொடுப்பது போலத்தான். தும்முகிறவரின் மூக்கு எப்படிப்பட்டது என்று யாரும் பார்ப்பதில்லை.

"இவ்வளவு நாள் இல்லாதது இப்போது எப்படி மேடம் வரும்?" என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. திடீரென்று வருவதில்லை. பூனையிடமிருந்து வரும் ஒரு புரதத்தை உடல் எதிரி என்று தவறாக முடிவு செய்து, அதற்கென்று ஐஜிஇ எனும் எதிர்ப்பொருளைச் சத்தமில்லாமல் தயாரித்து வைக்கும். இதற்கு வாரங்களும் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். அதுவரை நமக்கு ஒன்றும் தெரியாது. தயாரிப்பு முடிந்த பிறகு அதே புரதம் மூக்கில் ஏறினால் ஹிஸ்டமின் கொட்டுகிறது. எந்த வயதிலும் இது நடக்கலாம். சின்ன வயதில் பூனையோடு புரண்டவர்களுக்கும் இருபது வயதில் வரலாம்.

அந்தப் புரதத்துக்கு ஃபெல் டி 1 என்று பெயர். பூனை அலர்ஜி உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இதற்குத்தான் எதிர்வினை காட்டுகிறார்கள். பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் இது ஊறுகிறது. நாள் முழுக்க நக்கிக்கொண்டே இருக்கும் பிராணி என்பதால் உடம்பெல்லாம் பூசிக்கொள்கிறது. காய்ந்து உதிர்ந்தால் கண்ணுக்குத் தெரியாத தூளாகி மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். சுவர், திரை, சட்டை என்று எதிலும் ஒட்டும். பூனை முடி வயிற்றுக்குள் போனால் இளைப்பு வரும் என்று பாட்டிமார் மிரட்டுவார்கள். குற்றவாளி முடி இல்லை, முடியில் காய்ந்த எச்சில். வழியும் வயிறு இல்லை, மூக்கு. ஆனாலும் பூனைக்கும் இளைப்புக்கும் தொடர்பு இருக்கிறது என்று அவர்கள் கண்டுபிடித்தது சரிதான்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு முன்னால், பூனைதான் காரணமா என்று பாருங்கள். குட்டி வந்த அன்றே வீட்டுக்குள் வேறு சிலதும் வந்திருக்கும். களிமண் வகைப் பூனை மண்ணைக் கொட்டும்போது எழும் தூசி யாருக்கும் தும்மல் தரும். அப்படியானால் மண்ணை மாற்றி, மரத்தூள் உருண்டையோ கிழித்த செய்தித்தாளோ போட்டால் போதும். மூத்திர வாடைக்குப் பயந்து இரண்டு வேளை பினாயில் போட்டுத் துடைப்பார்கள். அந்த நெடி மூக்கைக் கெடுக்கும். அதைவிட மோசம், அதிலிருக்கும் ஃபீனால் வகைப் பொருள்களைப் பூனையின் ஈரலால் சரியாக வெளியேற்ற முடியாது. பாதத்தில் ஒட்டியதை அது நக்கும், அது அதற்கு விஷம். மூடிய அறையில் கொசுவத்திச் சுருள், வெள்ளிக்கிழமை சாம்பிராணி, பழைய இலவம்பஞ்சு மெத்தையில் குடியிருக்கும் தூசிச் சிற்றுண்ணிகள் எல்லாமே சந்தேகப் பட்டியலில் உண்டு. கணுக்காலைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக அரித்தால் அது தெள்ளுப்பூச்சிக் கடி. கையில் வட்டமாகத் தடித்து ஓரம் சிவந்தால் குட்டியிடமிருந்து தொற்றிய படர்தாமரை. இதை அலர்ஜி என்று நினைத்து, ஸ்டீராய்டு கலந்த களிம்பை மருந்துக்கடையில் வாங்கித் தடவினால் இன்னும் பரவும். குட்டியையும் உங்களையும் சேர்த்து வைத்தியம் பார்த்தால்தான் போகும்.

சந்தேகம் தீர, முன்கையில் ஒரு சொட்டு வைத்துக் குத்திப் பார்க்கும் தோல் சோதனை இருக்கிறது. கால் மணி நேரம், இருபது நிமிடத்தில் தடிப்பு தெரிந்துவிடும். அதற்குச் சில நாள் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தடிப்பே வராது. மாத்திரையை நிறுத்த முடியாதவர்களுக்கு ரத்தத்தில் பூனைக்கான ஐஜிஇ பார்க்கலாம். கத்தரிக்காய் முதல் கருவாடு வரை நூறு பொருள்களைச் சோதிக்கிறோம் என்று ஆய்வகங்கள் விற்கும் பேக்கேஜ் உங்களுக்குத் தேவையில்லை.

சரி, பூனைதான் என்று உறுதியாகிவிட்டது. கொண்டுபோய் விட்டுவிடு என்பது வீட்டிலிருந்து வரும் முதல் யோசனை. தெருவில் பிழைக்கத் தெரியாத குட்டியைப் பட்டினியில் விடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய் என்பதால் யாரும் நடுங்கப்போவதில்லை. எனவே சட்டத்தை விட்டுவிட்டு மூக்கின் கணக்கையே சொல்கிறேன். பூனை போன பிறகும் அதன் புரதம் வீட்டில் நான்கிலிருந்து ஆறு மாதம் வரை தங்கும். திங்கட்கிழமை குட்டியை விட்டுவிட்டு செவ்வாய்க்கிழமை தும்மல் நிற்கும் என்று எதிர்பார்க்கிறவர்கள், "அப்போ பூனை காரணமில்லை போல" என்று தப்பான பாடத்தையும் சேர்த்துப் படிக்கிறார்கள்.

வைத்துக்கொண்டு சமாளிப்பதில் பெரும்பாலானவை எல்லோருக்கும் தெரிந்தவை. படுக்கையறைக்குள் பூனை வரக் கூடாது, கதவு எப்போதும் மூடியிருக்க வேண்டும். தொட்ட கையைக் கண்ணில் வைக்கக் கூடாது. பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும், மின்விசிறியின் இறக்கையையும் சேர்த்து. நம் வீடுகளில் தரை விரிப்பு இல்லாமல் மொசைக்கும் டைல்ஸும் இருப்பது பெரிய வரம். காற்றுச் சுத்திகரிப்பான் மூடிய சின்ன அறையில் உதவும். ஜன்னலைத் திறந்து போட்டுக் கடற்காற்று வாங்கும் வீட்டில் அது வெறும் விளக்கெரியும் பெட்டி. பூனையைக் குளிப்பாட்டினால் புரதம் குறைவது உண்மை, ஒரு வாரத்துக்குள் பழைய அளவுக்கே வந்துவிடுவதும் உண்மை. வாரம் இரண்டு முறை பூனையைக் குளிப்பாட்டத் தயாராக இருப்பவர்களின் கைகளை நான் பார்த்திருக்கிறேன். பலனுள்ளது கருத்தடை. கருத்தடை செய்யாத கடுவன்தான் அதிகப் புரதம் சுரக்கும், அறுவைக்குப் பிறகு நன்றாகக் குறையும். சென்னையில் இருந்தால் வேப்பேரியில் 1903 முதல் நடக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. கோழிமுட்டையிலிருந்து எடுத்த எதிர்ப்பொருள் கலந்த பூனை உணவு ஒன்றைப் புரினா நிறுவனம் 2020-ல் வெளியிட்டது. அதைத் தின்னும் பூனையின் முடியில் செயல்படும் புரதம் மூன்றாம் வாரத்திலிருந்து சராசரியாக 47 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனத்தின் ஆய்வே சொல்கிறது. பாதி குறைந்தால் சிலருக்குப் போதும், சிலருக்குப் போதாது.

மருந்தில் நான் மூக்கு ஸ்பிரே கட்சி என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எனக்கும் இதே அலர்ஜி உண்டு. ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்பிரேக்கள் மூக்கடைப்புக்கு மாத்திரையைவிட நன்றாக வேலை செய்யும். ஆனால் முழுப் பலன் தெரியச் சில நாள் முதல் இரண்டு வாரம் ஆகும். நம் பிள்ளைகள் இரண்டு நாள் அடித்துவிட்டு, "இது கேட்கலை" என்று தூக்கிப் போடுகிறார்கள். நடுத்தண்டைப் பார்த்து அடிக்காமல், காதின் பக்கமாகச் சாய்த்து அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ரத்தம் கசியும். அவில் வகைப் பழைய மாத்திரை தூக்கத்தில் ஆழ்த்தும், அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்ட வேண்டாம். மருந்துக்கடையில் சர்வசாதாரணமாக எடுத்துக் கொடுக்கும் மாண்டெலுகாஸ்ட் கலந்த மாத்திரையை டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள். மனநிலை, தூக்கம் ஆகியவற்றில் அதனால் வரக்கூடிய பாதிப்புகளுக்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 மார்ச்சில் அதற்குத் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போட்டது. பரீட்சை நேரத்துப் பிள்ளைகளுக்கு இது விளையாட்டில்லை. இரவில் நெஞ்சில் விசில் சத்தமோ இறுக்கமோ இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மார்புநோய் மருத்துவரிடம் போங்கள்.

வேரில் கைவைப்பது ஊசி வைத்தியம். 1911-ல் லண்டனில் லியோனார்ட் நூன் புல்லின் மகரந்தத்துக்காகத் தொடங்கிய முறை. அலர்ஜிப் பொருளையே துளித்துளியாகக் கூட்டிக்கொண்டே போய் உடலைப் பழக்குவது. முதலில் வாரா வாரம், பிறகு மாதா மாதம், மொத்தம் மூன்றிலிருந்து ஐந்து வருடம். ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும். கட்டுக்குள் வராத ஆஸ்துமாக்காரர்களுக்கு இது கூடாது.

இனி பெர்சியனுக்கு வருகிறேன். எனக்கு நாட்டுப் பூனை மேல்தான் பாசம், மறைக்கவில்லை. ஆனால் நான் சொல்லப்போவதற்கு அந்தப் பாசம் தேவையே இல்லை. ஃபெல் டி 1 சுரக்காத பூனையினம் என்று ஒன்று உலகத்தில் கிடையாது. முடியே இல்லாத ஸ்ஃபிங்க்ஸும் தோலிலும் எச்சிலிலும் அதைச் சுரக்கத்தான் செய்கிறது. மேலைநாடுகளில் சைபீரியன் பூனை அலர்ஜி தராது என்று ஒரு பேச்சு உண்டு. இங்கே விற்பனைக்கு நிறைய இருப்பது பெர்சியன், அதற்கும் நீளமுடி. அந்தப் பேச்சை அப்படியே இதன் கழுத்தில் மாட்டிவிட்டார்கள் என்பதே என் ஊகம். 2006-ல் அமெரிக்க நிறுவனம் ஒன்று அலர்ஜி தராத பூனை என்று சொல்லி ஏறத்தாழ நாலாயிரம் டாலர் விலை வைத்தது. ஆதாரத்தைக் காட்டுங்கள் என்று விஞ்ஞானிகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், கடைசியில் விற்பனையே நின்றது. பணக்கார நாட்டில் ஏமாந்ததை நாம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பேரம் பேசி வாங்குகிறோம்.

"கடையில் அரைமணி நேரம் மடியில் வைத்திருந்தேன், ஒன்றும் ஆகலையே" என்பார்கள். பூனைக்குப் பூனை சுரக்கும் அளவு பெரிதும் மாறும், ஒரே பூனையிடமும் நாளுக்கு நாள் மாறும். விற்க வைத்திருக்கும் பூனையை அன்று காலைதான் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டியிருப்பார்கள். குளித்த பூனையின் கணக்கை மேலே சொன்னேன், அடுத்த வாரம் வந்து தும்முங்கள். அதோடு பெர்சியன் முடியைத் தினமும் சீவ வேண்டும், இல்லாவிட்டால் சிக்குப் பிடித்துக் கம்பளியாகிவிடும். சீவுகிறவர் யார்? அலர்ஜிக்காரர்தான். ஒவ்வொரு இழுப்புக்கும் அந்தக் காய்ந்த தூள் நேரே அவர் மூக்குக்கு எழும்புகிறது. தன் முதுகைத் தானே நக்கிச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் நாட்டுப் பூனைக்கு இந்த வேலையே இல்லை.

பூனையின் பக்கமும் பாருங்கள். சப்பை முகம் என்பதால் கண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும், மூச்சு குறுகலாகத்தான் போகும். கத்திரி வெயிலில், கரண்ட் போன மதியத்தில், அந்த முடிக்குள் அது படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காது. சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் பரம்பரை நோய் இந்த இனத்தில் சகஜம். சில நாடுகளின் ஆய்வுகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் இருந்திருக்கிறது. மரபணுச் சோதனை உண்டு, ஆனால் சந்தையில் விற்பவரிடம் அதைக் கேட்டுப் பாருங்கள், உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். ஆக, தும்மலுக்குப் பயந்து இரண்டு ஆரோக்கியமான குட்டிகளைத் தள்ளிவிட்டு, ஆயிரக்கணக்கில் கொடுத்து, தும்மலோடு சேர்த்து ஒரு நோயாளியையும் வீட்டுக்குக் கூட்டி வருகிறீர்கள். இதில் புத்திசாலித்தனம் எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஆகவே பிள்ளைகளே, 'எது சிறந்தது' என்று என்னைக் கேட்காதீர்கள், உங்களால் எது முடியும் என்று பாருங்கள். ஐந்து வருடம் ஊசிக்குப் போகிற பொறுமை எல்லோருக்கும் கிடையாது. அசைன்மெண்டையே கடைசி இரவில் எழுதுகிறவர் ஊசி வைத்தியத்தைத் தொடங்கிப் பாதியில் விட்டால் காசும் காலமும் போச்சு. தினமும் ஈரத்துணி பிடிக்கச் சுணங்காதவருக்கு மருந்தே குறைவாகப் போதும். ஒற்றை அறை வாடகை வீட்டில் நான்கு பேர் படுப்பவர்களுக்குப் பூனையில்லாத படுக்கையறை எங்கிருந்து வரும்? அவர்கள் தங்கள் நிலைமையை ஒத்துக்கொள்வதில் கேவலம் ஒன்றும் இல்லை. இதற்கெல்லாம் ஒரு சுபாவம் வேண்டும், அது இருக்கிறதா என்று அவரவருக்குத்தான் தெரியும், பெற்றோருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எதைத் தொடங்கினாலும் மூன்று மாதமாவது விடாமல் செய்துவிட்டுப் பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.

ஆஸ்துமா கட்டுக்குள் வராவிட்டால் மட்டும் யோசிக்கவே வேண்டாம், குட்டிகளை நல்ல கையில் கொடுத்துவிடுங்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியைக் கொடுக்காதீர்கள். முதல் தடுப்பூசியைப் போட்டுவிட்டுக் கொடுங்கள். கூடப் பிறந்த இரண்டையும் ஒரே வீட்டுக்குக் கொடுக்க முடிந்தால் நல்லது. வாங்குகிறவரின் வீட்டை நேரில் போய்ப் பாருங்கள், மாடி வீடென்றால் பால்கனிக்கு வலை இருக்கிறதா என்று கேளுங்கள். கருத்தடைக்குப் பணம் தந்துவிடுவதாகச் சொன்னால் பாதிப் பேர் தட்டமாட்டார்கள். அவை போன பிறகு திரைகளைத் துவைத்து, சுவரைத் துடைத்து, பஞ்சு மெத்தையை மாற்றுங்கள். ஸ்பிரேயை மட்டும் உடனே நிறுத்திவிட வேண்டாம், இன்னும் சில மாதம் அந்த வீட்டில் பூனை இருப்பதாகவே உங்கள் மூக்கு நினைத்துக்கொண்டிருக்கும்.